அச்சை முதலில் பற்றவைக்காதீர்கள்: சூரிய மின்சாரத் துடுப்புச் சக்கரப் படகில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் செங்கல்பட்டை அடுத்த ஓர் ஏரிக்கரைக்குப் பொறியியல் மாணவர் இருவர் தாங்கள் கட்டிய படகைப் பார்க்க வருமாறு என்னை அழைத்திருந்தனர். ஃபைபர் உடல், கூரையில் இரண்டு சோலார் பேனல்கள், பின்னணியத்தில் (படகின் பின்முனையில்) ஒரு மீட்டர் விட்டமுள்ள துடுப்புச் சக்கரம் என்று எல்லாம் பார்வைக்கு நேர்த்தியாகவே இருந்தன. குனிந்து, சக்கரத்தின் அச்சு படகோடு சேரும் இடத்தைப் பார்த்தேன். அச்சைத் தாங்கும் பேரிங் கூடான பிளம்மர் பிளாக் உட்கார்ந்திருந்த ஆங்கிள் இரும்பு, போல்ட் போட ஒரு துளை கூட இல்லாமல், படகுடலில் பதித்த இரும்புத் தகட்டோடு முழுநீளத்துக்கும் வெல்டிங்கால் பற்றவைக்கப்பட்டிருந்தது. என் முதல் படகில் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில்.

வயரைத் தலைகீழாக இணைப்பது, ஃபியூஸ் போடாமல் விடுவது, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்குவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும்.

புரொப்பல்லர் இருக்கத் துடுப்புச் சக்கரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’ 75 பயணிகளை ஏற்றும் சூரிய மின்படகு. அது புரொப்பல்லரில்தான் ஓடுகிறது, அந்த நீர்ப்பரப்புக்கு அதுவே சரி. ஆனால் இடுப்பளவு தண்ணீரும் ஆகாயத்தாமரையும் உள்ள ஏரியில், கால் மணிக்கு ஒருமுறை குனிந்து புரொப்பல்லரில் சுற்றிய வேரை அறுத்தவருக்குத்தான் துடுப்புச் சக்கரத்தின் அருமை தெரியும்.

எடை தெரியுமுன் அச்சின் உயரத்தை முடிவு செய்வது

என் முதல் படகு நீர்மட்டத்தில் ஐந்தரை மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் கொண்டது. வெறும் படகை ஏரியில் இறக்கி, நானும் ஒரு நண்பருமாக ஏறிக்கொண்டு, துடுப்புப் பலகையின் கீழ்விளிம்பு நீருக்குள் 12 சென்டிமீட்டர் இறங்கும்படி அளந்து, அந்த உயரத்திலேயே அச்சைப் பற்றவைத்துவிட்டேன். முதல் நாள் ஓட்டத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம் கிடைத்தது. 48 வோல்ட் பேட்டரியிலிருந்து மோட்டார் 8 ஆம்பியர்தான் இழுத்தது. உலகையே வென்றுவிட்ட நினைப்பில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறவினர்களை அழைத்துவந்து ஆறு பேராக ஏறினோம். கிளாம்ப் மீட்டர் 19 ஆம்பியர் காட்டியது. வேகமோ கரையில் நடந்து வந்த சிறுவனுக்குப் பின்தங்கியது. சக்கரத்துக்குப் பின்னால் ஆளுயரத்துக்குத் தண்ணீர் வாரியடித்தது. கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஒன் சக்கரம் தண்ணியத் தள்ளல, எறைக்குது.”

அவர் ஒரே சொல்லில் சொன்னதைக் கணக்கில் காண எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. நீர்மட்டத்தில் அந்தப் படகு அடைக்கும் பரப்பு, முனைகள் குறுகுவதால், ஏறத்தாழ 7 சதுர மீட்டர். அப்படியானால் 70 கிலோ எடை கூடும்போதெல்லாம் படகு ஒரு சென்டிமீட்டர் தாழும். கூடுதலாக ஏறிய நால்வர் 260 கிலோ என்றால் தாழ்வு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். போதாக்குறைக்கு, வயரின் நீளம் மிச்சமாகும் என்று முதல் ஓட்டத்துக்குப் பின் பேட்டரிகளை நடுவிலிருந்து மோட்டாரை ஒட்டி நகர்த்தியிருந்தேன். அதனால் அணியம் (முன்முனை) தூக்கி, பின்னணியம் மேலும் 5 சென்டிமீட்டர் அமிழ்ந்தது. 12 சென்டிமீட்டர் என்று நான் வரைந்தது நீரில் 21 ஆகியிருந்தது.

ஒன்பது சென்டிமீட்டரில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஆரம் 50 சென்டிமீட்டர் உள்ள சக்கரத்தில் அமிழ்வு 12 ஆக இருந்தால், பலகை செங்குத்துக்கு ஏறத்தாழ 40 பாகை சாய்வில் நீரைத் தொடுகிறது. அமிழ்வு 21 ஆனால் சாய்வு 55 பாகையை நெருங்குகிறது. 45 பாகை வரை, பலகை நீரைப் பின்னால் தள்ளும் பங்கு மிகுதி. அதைக் கடந்தால், உள்ளே நுழையும் பலகை நீரை அறைகிறது. வெளியேறும் பலகை நீரை முறத்தில் வாருவதுபோல் மேலே தூக்குகிறது. இரண்டுக்குமான மின்சாரம் உங்கள் பேட்டரியிலிருந்துதான் போகிறது. ஆரத்தில் 0.29 பங்குக்கு மேல் அமிழ்ந்தாலே இந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். 50 சென்டிமீட்டர் ஆரத்துக்கு அது பதினான்கரை. என் படகில் எஞ்சியிருந்த இடம் இரண்டரை சென்டிமீட்டர்தான்.

இந்தத் தவறு புதிதும் அன்று. அட்லாண்டிக்கைக் கடந்த துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்களை இது விடாமல் வாட்டியது. புறப்படும்போது நிலக்கரிப் பாரத்தில் சக்கரம் ஆழ அமிழ்ந்திருக்கும். கரியெல்லாம் எரிந்து கரை சேரும்போது கப்பல் எழும்பிப் பலகைகள் மேலோட்டமாக நீரைக் கீறும். 1845இல் பிரிட்டிஷ் கடற்படை புரொப்பல்லர் பூண்ட ராட்லரையும் துடுப்புச் சக்கர அலெக்டோவையும் பின்புறமாகப் பிணைத்து இழுக்கவிட்டபோது ராட்லர் வென்ற கதையைப் பலரும் சொல்வார்கள். அமிழ்வு மாறும் தொல்லையைச் சொல்பவர் குறைவு.

திருத்துவதற்கு எனக்கு 31 ஆயிரம் ரூபாய் ஆனது. பற்றவைத்த இரும்பை அறுக்கப்போய் ஃபைபர் பிளந்தது. பிளவின் வழியே உள்ளிருந்த பிளைவுட் நீரைக் குடித்து ஊதியது. பின்சுவர் முழுவதையும் மாற்ற நேர்ந்தது. இவ்வளவையும் சொல்லித்தான் அந்த மாணவர்களை மூன்று மாதங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தேன். “போல்ட் போட்டால் ஆடும் சார்” என்று பட்டறைக்காரர் சொன்னதைக் கேட்டார்களாம்! ஆடட்டும், போல்ட்டை இறுக்கிக்கொள்ளலாம். பற்றவைத்ததை என்ன செய்வது?

செய்யவேண்டிய முறை இது. படகுடல், கூரை, மோட்டார், பேட்டரி எல்லாம் அவற்றின் இறுதி இடத்தில் அமர்ந்த பிறகு, ஆள் எடைக்குப் பதிலாக 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களை இருக்கைகளில் அடுக்குங்கள். 13 கேன் வைத்தால் 260 கிலோ. காலியாகவும் முழுப் பாரத்திலும் பின்சுவரில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு படகை வேறொரு படகின் பின்னால் கட்டி, ஓடப்போகும் வேகத்தில் இழுத்துச் சென்று, சக்கரம் வரவிருக்கும் இடத்தில் நீர் எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்றும் பாருங்கள். நின்ற படகின் நீர்மட்டமும் ஓடும் படகின் நீர்மட்டமும் ஒன்றல்ல. அச்சை, மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாங்குவதுபோன்ற கைகளில் தொங்கவிட்டு, திருகாணியால் ஏற்றி இறக்கும்படி அமையுங்கள். அந்தக் கைகள் சுழலும் மையமும் செயினை ஓட்டும் ஸ்பிராக்கெட்டின் (பற்சக்கரத்தின்) மையமும் ஒரே அச்சுக்கோட்டில் இருக்கட்டும். அப்போதுதான் சக்கரத்தை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் செயின் தளராது.

வாட்டை மட்டும் பார்த்து மோட்டார் வாங்குவது

மணிக்கு ஐந்து கிலோமீட்டரில், கால்பங்கு வழுக்கலோடு (பலகை நீரில் நழுவி வீணாகும் வேகத்தோடு), மேலே சொன்ன சக்கரம் நிமிடத்துக்கு 40 சுற்றுதான் சுற்றவேண்டும். 300 வாட்டை அந்த மெதுவான சுழற்சியில் தருவதற்கு 70 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை வேண்டும். மோட்டாரோ நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும். இடையில் 75 மடங்கு குறைப்பு தேவை என்பதை மோட்டார் வாங்கிய பிறகு உணர்பவர்கள், அவசரத்துக்கு ஒரு வார்ம் கியர் (திருகுப் பற்சக்கரம்) பெட்டியை மாட்டுகிறார்கள். அவ்வளவு பெரிய குறைப்பில் வார்ம் கியர் கணிசமான ஆற்றலை வெப்பமாக்கிவிடும். பெட்டியைத் தொட்டுப்பார்த்தால் உங்கள் சூரிய ஒளி எங்கே போகிறது என்று தெரியும். மெதுவாகச் சுழலும் மோட்டாரைத் தேடி, இரண்டு கட்டச் செயினில் குறைப்பதே என் வழக்கம்.

பொய்ப் புகைபோக்கி

சிரிக்காதீர்கள், மூன்று படகுகளில் பார்த்துவிட்டேன். பழைய நீராவிப் படகின் தோற்றம் வேண்டும் என்று கூரை நடுவே தகரக் குழாயை நிறுத்துகிறார்கள். பேனலில் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், கையகல நிழல் விழுந்தாலும் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடக்கூடும். கொடிக்கம்பத்துக்கும் இதுவே பொருந்தும்.

பலகைகளின் எண்ணிக்கை

எட்டுக்குக் குறைந்தால் படகு குலுங்கும். பன்னிரண்டைத் தாண்டினால் ஒரு பலகை கலக்கிய நீரில் அடுத்தது வீணாக உழும்.

வேகத்தின் ஆசை

வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் வேண்டும். ஐந்து கிலோமீட்டரில் நில்லுங்கள்.

இருபக்கச் சக்கரங்கள்

இரண்டு மோட்டார் இருந்தால் நின்ற இடத்திலேயே திரும்பலாம் என்பது உண்மை. ஆனால் கொக்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஒரு சக்கரம் மூழ்கி மற்றது காற்றில் சுழலும். படகு தானாகவே திரும்பத் தொடங்கும். அகலக் குறைவான படகுக்குப் பின்சக்கரமே போதும்.

பின்னோட்டத்தைச் சோதிக்காமல் விடுவது

பின்சக்கரத்தைத் திருப்பிச் சுழற்றினால் நீர் படகின் பின்சுவரிலேயே மோதும். முன்னோக்கிப் போகும்போது கிடைத்த அளவு உந்துவிசை கிடைக்காது. முழுப் பாரத்தில், எந்த இடத்தில் மோட்டாரைத் திருப்பிச் சுழற்றினால் படகு எங்கே நிற்கிறது என்பதை நடு ஏரியில் மிதவை கட்டி அளந்த பிறகே படித்துறைக்கு வாருங்கள். மாணவர்களின் படகு அன்று படித்துறையின் மூன்றாம் படியில்தான் நின்றது.