பிரிண்டர் கேரியேஜ் சிக்கிக்கொண்டதா? போர்டை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

பிரிண்டரை ஆன் செய்தால் ‘டக் டக்’ என்று இடிக்கிறது, அப்புறம் விளக்கு மின்னிக்கொண்டே நிற்கிறது. கார்ட்ரிட்ஜைச் சுமந்தபடி இடமும் வலமும் ஓடும் கேரியேஜ் சிக்கினால் இப்படித்தான் ஆகும். கோடை விடுமுறை முழுக்கத் தொடாமல் வைத்துவிட்டு, ஜூனில் பள்ளி ப்ராஜெக்ட் வந்ததும் ஆன் செய்கிற வீடுகளில் இது சகஜம். எங்கள் வீட்டு மெஷினைப் பார்த்த ஒரு கடைக்காரர் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்றச் சொன்னார். திறந்து பார்த்தால் வெறும் அழுக்கு.

இது இங்க்ஜெட், இங்க் டேங்க் மெஷின்களுக்கு மட்டும். லேசர் பிரிண்டருக்குள் மைப்பொடியைச் சுட்டு ஒட்டும் ஃப்யூசர் கொதிக்கும், அது வேறு கதை.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். வேகமாக ஓடி ஓரத்தில் இடித்தால், கேரியேஜுக்கு இடம் காட்டும் நாடாவான என்கோடர் ஸ்ட்ரிப்பில் கோளாறு. கொஞ்ச தூரம் போய் நின்றால் காகிதத் துண்டோ காய்ந்த கிரீஸோ தடுக்கிறது. வலது ஓரத்திலேயே முனகினால், இங்க் தெளிக்கும் ஹெட்டை மூடும் ரப்பர் மூடியில் இங்க் காய்ந்து ஒட்டியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

அடுத்து கேரியேஜை விடுவிக்க வேண்டும். பல மாடல்களில் ஆஃப் செய்ததும் அது வலது ஓரத்தில் பூட்டிக்கொள்ளும். அதனால் ஆன் செய்து, அது நடுப்பக்கம் வந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். இனி கையால் நகரும். ஓரத்தை விட்டு அசையவே மறுத்தால் பலம் காட்டாதீர்கள், பல்சக்கரம் உடையும். பிளக்கைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சில் சில சொட்டு பேட்டரி தண்ணீரை (பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் அல்ல) அந்த ரப்பர் மூடி இருக்கும் இடுக்கில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். சென்னையில் பாதி வீடுகளில் குழாயே உப்புப் பூத்துக் கிடக்கிறது, அந்த உப்பு ஹெட்டுக்குள் போகக் கூடாது.

பிறகு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். காகிதத் துண்டு, ஹேர்பின், செத்த கரப்பான், எதுவும் இருக்கலாம். காகிதத்தை அது போகிற திசையிலேயே, இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள்.

இப்போது என்கோடர் ஸ்ட்ரிப். என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது இதுதான், ஏனென்றால் இது கண்ணிலேயே படாது. கேரியேஜின் பின்னால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கட்டியிருக்கும் மெல்லிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் நாடா அது. அதில் அங்குலத்துக்கு 150, 180 என்று பொடிக் கோடுகள் இருக்கும். கேரியேஜில் உள்ள சென்சார் அந்தக் கோடுகளை எண்ணித்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிகிறது. நாடாவில் கிரீஸோ இங்க்கோ பட்டால் எண்ணிக்கை தவறும், கேரியேஜ் போய் இடிக்கும். நாடாவைக் கழற்றாமல் துடைப்பதே நல்லது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைப் பேட்டரி தண்ணீரில் லேசாக நனைத்து, ஒரு கையால் நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில் துடையுங்கள். பாதி முடிந்ததும் கேரியேஜை மறுபக்கம் தள்ளி மீதியைத் துடையுங்கள். ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம், கோடுகளே அழிந்துபோகலாம். முனையிலுள்ள கொக்கி கழன்றால் மாட்டிவிடுங்கள். நாடா சென்சாரின் பிளவுக்குள் நுழைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெளியே கிடந்தால் மறுபடி இடிக்கத்தான் செய்யும். தொடங்கும் முன்பே போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் நல்லது.

கடைசியாக, கேரியேஜ் ஓடும் இரும்புக் கம்பி. கருத்துப்போன பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பூசினால் போதும். ஸ்பிரே எண்ணெய் எதுவும் அடிக்காதீர்கள், தெறித்து நாடாவில் விழும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது 24 டிகிரி வாக்கிலேயே உறைய ஆரம்பிக்கும், மார்கழி இரவுகளில் சென்னையிலும் அந்தக் குளிர் வரும்.

கேரியேஜ் கையில் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பிரிண்டரின் மேல்மூடியைப் போட்டு ஆன் செய்து, எல்லா நிறமும் சரியாக வருகிறதா என்று காட்டும் நாசில் செக் பிரிண்ட் எடுங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் செய்து பார்த்த ஒருவருக்கு இங்க் மேஜையெல்லாம் கொட்டிவிட்டது. உள்ளே விழுந்த துண்டை எடுக்க மெஷினைக் கவிழ்த்திருக்கிறார். இங்க் டேங்க் மெஷினைச் சாய்க்கவே கூடாது. நீளமான ட்வீசரால் எடுங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு வேலைக்கென்று விற்கும், முனை வளைந்த ட்வீசர் இதற்கு ரொம்ப வசதி.