எக்ஸ்-கதிர் டேட்டாவைத் திறந்ததும் எல்லாரும் விழும் குழிகள்

சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு நியூட்ரான் நட்சத்திரத்தை (செத்த நட்சத்திரத்தின் சுருங்கிய, மிக அடர்ந்த மிச்சம்) ஆராய முடியுமா என்றால், தாராளமாக முடியும். விண்வெளியிலிருந்து எக்ஸ்-கதிரைப் பார்க்கும் தொலைநோக்கிகளான சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன், நைசர், இந்தியாவின் அஸ்ட்ரோசாட் எல்லாமே கொஞ்ச காலம் கழித்து டேட்டாவைப் பொதுவில் வைத்துவிடுகின்றன, மென்பொருளும் காசில்லாமல் கிடைக்கிறது. யூனிவர்சிட்டியில் இயற்பியல் எடுத்த நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் லீவுக்கு வரும்போது கடை அஞ்சடியில் (முன் நடைபாதையில்) லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இதைத்தான் நோண்டுகிறார்கள். பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு வாட்சாப் வரும்: "அண்ணே, கேலக்ஸி ஒன்னு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவ துடிக்குது!" துடிக்கவில்லை தம்பி. அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி எக்ஸ்-ரேயை மறந்துவிடுங்கள். அங்கே கதிரை நாம் அனுப்பி நிழலைப் பார்க்கிறோம். இங்கே அந்தப் பொருளே கதிரை அனுப்புகிறது, நாம் வாங்கிக்கொள்கிறோம். அதுவும் காற்றுமண்டலம் விழுங்கிவிடுவதால் தரையிலிருந்து முடியாது. 1962 ஜூனில் விஞ்ஞானி ஜியாக்கோனியின் குழு ராக்கெட்டில் கருவியை ஏற்றி ஐந்தாறு நிமிடம் பார்த்ததில்தான் விருச்சிக நட்சத்திரக் கூட்டத்தில் எக்ஸ்-கதிர் வீசும் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 சிக்கியது. இங்கே எதுவும் படமாக வருவதில்லை, ஃபோட்டான் (ஒளித்துகள்) ஃபோட்டானாக வருகிறது. மங்கலான கேலக்ஸியை மணிக்கணக்கில் பார்த்தாலும் சில டஜன் ஃபோட்டான்தான் தேறும். நாம் செய்வது எண்ணும் வேலை என்பது மனதில் நிற்காததால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

பைல்-அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்திராவின் ஏசிஸ் கேமரா வழக்கமான முறையில் 3.2 நொடிக்கு ஒரு தடவைதான் கணக்கு எடுக்கும். அந்த இடைவெளியில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால், இரண்டின் ஆற்றலையும் கூட்டி ஒன்றாக எழுதிவிடும். தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் கிராணி (கணக்கு எழுதுபவர்) இரண்டு பேர் வாளியைச் சேர்த்து நிறுத்து ஒரே பேரில் எழுதினால் என்ன ஆகும்? ஆள் கணக்கு குறையும், எழுதப்பட்டவர் மட்டும் பெரிய பால்வெட்டுக்காரர் மாதிரித் தெரிவார். அதேதான் இங்கேயும்: நட்சத்திரம் உண்மையில் இருப்பதைவிட மங்கலாகவும், ஸ்பெக்ட்ரம் (எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான் என்ற கணக்கு) அதிக ஆற்றல் பக்கம் சாய்ந்தும் தெரியும். பிரகாசமான பொருள் என்றால் நல்ல டேட்டா என்று குதிப்பவர்கள்தான் இதில் முதலில் மாட்டுவது. நடுப்பகுதியை வெட்டிவிட்டு ஓரத்து ஃபோட்டான்களை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் வேகமாகக் கணக்கெடுக்கும் முறையில் பதிவான டேட்டாவைத் தேடுங்கள்.

குறைந்த எண்ணிக்கை வந்தால் வேறொரு தொல்லை. ஸ்பெக்ட்ரத்தை ஆற்றல் வாரியாகக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டத்தில் மூன்று ஃபோட்டான், அடுத்ததில் ஒன்று, அதை அப்படியே கை-ஸ்கொயரில் (மாடல் டேட்டாவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்கும் கணக்கு) போட்டு ஒரு விடை எடுத்து வந்து காட்டுகிறார்கள். கை-ஸ்கொயருக்குக் கட்டத்துக்கு இருபது இருபத்தைந்தாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் 1979-இல் வெப்ஸ்டர் கேஷ் கொடுத்த சி-ஸ்டாட் முறைக்குப் போக வேண்டும். மென்பொருளில் ஒரு வரி மாற்றும் வேலைதான், அதற்குக்கூட சோம்பல்.

சரி, பொருத்தத்தைச் சொல்லும் எண் நல்லபடி 1-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, மாடல் பொருந்துகிறது. அதனால் மாடல் உண்மையாகிவிடுமா? எம்சிஜி-6-30-15 என்ற கேலக்ஸியில் 6.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (ஃபோட்டான் ஆற்றலின் அளவு) இரும்புக் கோடு, அதாவது இரும்பு அணுக்கள் ஸ்பெக்ட்ரத்தில் விடும் அடையாளம், சிவப்புப் பக்கம் (குறைந்த ஆற்றல் பக்கம்) அகலமாக இழுபட்டிருப்பதை 1995-இல் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் காட்டியது. கருந்துளைக்கு மிக அருகே ஈர்ப்பு செய்யும் வேலை என்றார்கள். இல்லை, நடுவில் உள்ள வாயு மேகங்கள் பாதி மறைப்பதால் வரும் தோற்றம் என்று இன்னொரு கூட்டம். குறைந்த ஆற்றல் டேட்டாவில் இரண்டு மாடலும் ஜோராகப் பொருந்தும். 79 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை பார்க்கும் நுஸ்டார் தொலைநோக்கி வந்த பிறகுதான், 2013-இல் என்ஜிசி 1365 கேலக்ஸியில், ஈர்ப்பு விளக்கத்துக்குப் பலம் கூடியது. உங்களிடம் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரைதான் டேட்டா என்றால் அடக்கமாக எழுதுங்கள். மறைக்கும் வாயுவைக் கணக்கில் சேர்க்காமல் ஒளிர்வு சொல்வதும் இதே ரகம். என்ஜிசி 1068 கேலக்ஸி நமக்கு மங்கலாகத் தெரிவது அதன் மையம் அடர்ந்த வாயுவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், அது பலவீனமானது என்பதால் இல்லை.

இப்போது அந்தத் துடிப்பு. தாழ்வான சுற்றுப்பாதையில் உள்ள செயற்கைக்கோள் ஏறக்குறைய தொண்ணூறு சொச்சம் நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைக்கும், டேட்டாவில் ஓட்டை விழும், அந்த ஓட்டைகளுக்கு ஒரு தாளம் உண்டு. தம்பி கண்டுபிடித்தது கேலக்ஸியை இல்லை, செயற்கைக்கோளின் பாதையை. எக்ஸ்எம்எம் நீண்ட பாதையில் போவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு, ஆனால் மென்புரோட்டான்கள் (குறைந்த ஆற்றல் புரோட்டான்கள்) கருவியில் திடீரென்று கொட்டும், கேலக்ஸியே வெடித்த மாதிரி ஒளிர்வுக் கோடு எகிறும். 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேலே பின்னணி எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

இதைவிட ஆபத்து சிவப்பு இரைச்சல். கேலக்ஸி மையங்களின் ஒளிர்வு தாறுமாறாக ஏறி இறங்கும், மெதுவான ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். எந்த ஒழுங்கும் இல்லாத அப்படிப்பட்ட இரைச்சலை வெட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று அலை அழகாகத் தெரியும், கண் ஏமாறும். இரண்டு மூன்று அலையை வைத்துக்கொண்டு இரட்டைக் கருந்துளை என்று கட்டுரை எழுதுபவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் பொறுமை கிடையாது. ஆர்இ ஜே1034+396 என்ற கேலக்ஸியில் சுமார் ஒரு மணி நேரத் துடிப்பு 2008-இல் அறிவிக்கப்பட்டபோது பதினாறு சுற்றுப் போலத் தொடர்ந்து தெரிந்தது. அதற்குப் பிறகும் சில அவதானிப்புகளில் காணாமல் போய், 2018 டேட்டாவில் திரும்ப வந்தது. நம்பும்படி ஒன்று இருந்தால் இந்த அளவுக்கு இருக்க வேண்டும்.

நியூட்ரான் நட்சத்திரத்தில் நேரக் கணக்கு இன்னும் கறார். ஒளி சூரியனிலிருந்து நமக்கு வர 500 நொடி, ஆகவே பூமி சூரியனுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஃபோட்டான் வரும் நேரம் ஆயிரம் நொடி வரை மாறும். அந்த நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்குத் திருத்தாமல், நொடிக்கு 205 தடவை சுழலும் பிஎஸ்ஆர் ஜே0030+0451 என்ற நியூட்ரான் நட்சத்திரத்தில் எதைத் தேடுவீர்கள்? நைசர் 2019-இல் அதன் ஆரம் 13 கிலோமீட்டர் அளவு என்று சொன்னது இந்த நேரக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அப்புறம், துடிப்பு இல்லை என்பதால் கருந்துளை என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 நியூட்ரான் நட்சத்திரம்தான், சீரான துடிப்பு இதுவரை சிக்கவில்லை.

கருவிகளை ஒப்பிடும்போது நண்டு நெபுலாவை (வெடித்துப்போன ஒரு நட்சத்திரத்தின் மிச்சம்) அசையாத அளவுகோலாகப் பிடித்துக்கொள்வது பழைய பழக்கம். 2008-க்குப் பிறகு இரண்டு வருடத்தில் அதுவே சுமார் 7 சதவீதம் மங்கியது.

ஆரம்பிக்கிறவர்கள் செந்தாரஸ் எக்ஸ்-3 என்ற நியூட்ரான் நட்சத்திரத்தை எடுங்கள். 4.8 நொடித் துடிப்பு, பழைய உஹுரு செயற்கைக்கோள் காலத்திலிருந்தே தெரிந்த விடை. அதுவே வரவில்லை என்றால் கேலக்ஸிப் பக்கம் போகாதீர்கள். வந்த பிறகு அந்த 4.8 சற்றுக் கூடிக் குறைந்து ஆடுவதைப் பார்ப்பீர்கள். அது உங்கள் பிழை இல்லை, அந்த நட்சத்திரம் துணையை 2.1 நாளுக்கு ஒரு தடவை சுற்றுகிறது.