லவுடன் கவுண்டிக்குக் குடிவருகிறீர்களா? உங்கள் தொகுதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

வர்ஜீனியாவில் வேலை கிடைத்து லவுடன் கவுண்டியில் ஆஷ்பர்ன், ஆல்டி, சவுத் ரைடிங் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு எந்தப் பள்ளி நல்லது, தமிழ் வகுப்பு எங்கே நடக்கிறது, இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்றெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வீடு எந்தச் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. விசாவில் வந்திருக்கிறோம், நமக்கு ஓட்டே இல்லையே, தொகுதியைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவசரமான ஒன்று. வந்த சில வாரங்களில் ஓட்டுநர் உரிமத்துக்காக டிஎம்வி (மாநில மோட்டார் வாகனத் துறை) அலுவலகம் போவீர்கள். அங்கே நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்றும் ஒரு கேள்வி வரும். வாக்காளர் பதிவும் அந்த விண்ணப்பத்தோடு சேர்ந்தே நடக்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என எந்த விசாவாக இருந்தாலும், ஏன், கிரீன் கார்டே இருந்தாலும், பதில் "இல்லை"தான். அவசரத்தில் "ஆம்" என்று தட்டிவிட்டால் குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்ன கணக்காகிவிடும். குடியேற்றச் சட்டத்தில் அது மிகக் கடுமையான விஷயம். பின்னாளில் கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாவற்றையும் அது பாதிக்கலாம். திரையை நிதானமாகப் படியுங்கள். புரியாவிட்டால் கவுண்ட்டரில் கேளுங்கள், தப்பே இல்லை.

சரி, தொகுதிக்கு வருவோம். வர்ஜீனியா சட்டமன்றம் ரிச்மண்டில் கூடுகிறது. கீழவையில் 100 டெலிகேட்டுகள், மேலவையில் 40 செனட்டர்கள். டெலிகேட்டின் பதவிக்காலம் இரண்டே ஆண்டு, செனட்டருக்கு நான்கு. தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் நவம்பரில் நடக்கும், அதனால் அதிபர் தேர்தலோடு சேர்ந்து வராது. ஒரு டெலிகேட்டுக்குச் சராசரியாக 86,000 மக்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்புப்படி ஒரு எம்.எல்.ஏ.வுக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். இங்கே உங்கள் பிரதிநிதியை நேரில் பார்த்துப் பேசுவது நம் ஊரைவிட எவ்வளவோ சுலபம். டெலிகேட்டுக்குச் சம்பளம் ஆண்டுக்கு 17,640 டாலர்தான் என்பதால் பலர் வேறு வேலையும் பார்க்கிறார்கள். ஜனவரியில் கூட்டத்தொடர் தொடங்கிச் சில வாரங்களில் முடிந்துவிடும், மீதி நாட்களில் ஊரில்தான் இருப்பார்கள்.

இந்தப் பகுதி எப்படி ஓட்டுப் போட்டு வந்திருக்கிறது என்பதற்குப் பழைய 87ஆவது டெலிகேட் தொகுதியின் கதையைச் சொல்வேன். 2011 வரை அந்த எண் கடலோர நார்ஃபோக் நகரத்துத் தொகுதிக்கு உரியது. லவுடனில் மக்கள்தொகை மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. 1990இல் 86,000, 2020இல் 4,20,000. அதனால் 2011 மறுவரையறையில் 87 என்ற எண்ணை அங்கிருந்து எடுத்து, கிழக்கு லவுடனுக்கும் பக்கத்துப் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியின் ஒரு துண்டுக்குமாகக் கொடுத்தார்கள். புதிய குடியிருப்புகள் நிறைந்த பகுதி அது.

முதல் தேர்தலில் வென்றவர் லெபனானில் பிறந்த குடியரசுக் கட்சிக்காரர் டேவிட் ரமதான். வித்தியாசம் ஐம்பது வாக்கு அளவுக்குத்தான். ஒரு தெருவில் இருக்கிற வீடுகளே அதைவிட அதிகம் இருக்கும். 2013இல் ஜான் பெல் அவரை எதிர்த்து நின்றார். அப்போதும் இருநூறுக்கும் குறைவான வாக்கில் ரமதான் தப்பித்தார். 2015இல் ரமதான் போட்டியிடவில்லை, ஜனநாயகக் கட்சியின் பெல் தொகுதியைப் பிடித்தார், 2017இலும் தக்கவைத்தார். 2019இல் பெல் செனட்டுக்குப் போக, அவர் இடத்துக்குச் சுஹாஸ் சுப்ரமணியம் வந்தார். அதே நாளில் ரிச்மண்ட் பகுதியில் ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி செனட்டரானார். வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு இந்திய வம்சாவளியினர் தேர்வானது அதுவே முதல் முறை. எட்டே ஆண்டுகளில் ஒரு தொகுதி இப்படித் திரும்பியதற்கு, நம்மைப் போல வெளியிலிருந்து வந்து இங்கே வேரூன்றியவர்களின் வாக்கும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கவுண்டியே அப்படித்தான் மாறியது. 2004இல் லவுடன் புஷ்ஷுக்கு வாக்களித்தது. 2008இல் ஒபாமாவுக்குப் போட்டது. 1964க்குப் பிறகு ஒரு ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் இங்கே வென்றது அப்போதுதான். அதன்பின் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் அதே பக்கம். ஆனாலும் எந்தக் கட்சியும் இதைத் தன் சொத்தாக நினைக்க முடியாது. 2020இல் பைடன் இங்கே சுமார் 61 சதவீதம் வாங்கினார். அடுத்த ஆண்டே, பள்ளி வாரிய விவகாரம் சூடுபிடித்த ஆளுநர் தேர்தலில், அவர் கட்சி வேட்பாளருக்குச் சுமார் 55 சதவீதம்தான் கிடைத்தது.

ஒரு ஓட்டு என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் 2017இல் நியூபோர்ட் நியூஸ் நகரத்தின் 94ஆவது தொகுதியில் நடந்ததைச் சொல்லுங்கள். மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே வாக்கில் முந்தினார். மறுநாள் சர்ச்சைக்குரிய ஒரு வாக்குச்சீட்டை நீதிபதிகள் எதிர்த்தரப்புக்குச் சேர்த்ததும் இருவருக்கும் 11,608 என்று சமமாகிவிட்டது. 2018 ஜனவரி 4 அன்று கிண்ணத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். டேவிட் யான்சியின் பெயர் வந்தது. அந்த ஒரு சீட்டால் அவையே 51-49 என்று குடியரசுக் கட்சியின் கையில் நின்றது. 2019இல் சைமண்ட்ஸ் அதே யான்சியைத் தோற்கடித்தார்.

இப்போது நீங்கள் வந்து தேடினால் லவுடனில் 87ஆவது தொகுதி இருக்காது. எல்லை வரைவதைச் சட்டமன்றத்திடமிருந்து எடுத்து ஓர் ஆணையத்திடம் கொடுக்க 2020இல் மக்கள் வாக்களித்தார்கள். ஆணையம் உடன்பாட்டுக்கு வராமல் முட்டிக்கொண்டு நிற்க, மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு நிபுணர்களை நியமித்து 2021 டிசம்பரில் புது வரைபடத்தை இறுதி செய்தது. 2023 தேர்தல் அந்த வரைபடத்தில் நடந்தது. 87 மறுபடி கடலோரப் பக்கமே போய்விட்டது. லவுடனில் 26ஆவது டெலிகேட் தொகுதியில் கண்ணன் ஸ்ரீனிவாசன் வென்றார், 32ஆவது செனட் தொகுதியில் சுப்ரமணியம். 2024இல் சுப்ரமணியம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானதும், 2025 ஜனவரி 7 இடைத்தேர்தலில் ஸ்ரீனிவாசன் செனட்டரானார். பழைய நண்பர் சொன்ன தொகுதி எண்ணை நம்பாதீர்கள். சட்டமன்ற இணையதளத்தில் உங்கள் முகவரியைத் தட்டிப் பாருங்கள், டெலிகேட், செனட்டர் இருவர் பெயரும் வரும்.

இவர்கள் எடுக்கும் முடிவு உங்கள் வீட்டு வாசல் வரை வருகிறது. டல்லஸ் கிரீன்வே சாலையில் ஒருநாள் போய்வந்தாலே சுங்கக் கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அது தனியார் சாலை. கட்டணத்தை உயர்த்த எந்த நிபந்தனைகளைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்பதை மாநிலச் சட்டம்தான் சொல்கிறது, 2021இல் அந்தச் சட்டத்தை இறுக்கினார்கள். ஆஷ்பர்னில் திரும்பிய பக்கமெல்லாம் நிற்கும் டேட்டா சென்டர்களுக்கு விற்பனை வரி விலக்கு தருவதும் ரிச்மண்டில் எழுதப்பட்ட சட்டமே.

ஓட்டு இல்லாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. டெலிகேட் நடத்தும் ஊர்க்கூட்டத்துக்குப் போகலாம், கேள்வி கேட்கலாம். அவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதலாம், தொகுதியில் குடியிருந்தால் போதும். வேட்பாளரின் பிரசாரத்தில் சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்யலாம். ஆனால் பணம் மட்டும் கொடுக்கக் கூடாது. விசாவில் இருப்பவர் நன்கொடை தருவது சட்டப்படி குற்றம், நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் நன்கொடைதான். தெரிந்தவர் கூப்பிட்டாலும் பணிவாக மறுத்துவிடுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் கொடுக்கலாம்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். பல வீடுகளில் இங்கே பிறந்த பிள்ளைதான் முதல் வாக்காளர். நவம்பருக்குள் 18 வயது நிறைகிறது என்றால் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும், வழக்கமாக ஜூனில் நடக்கும் முதல்நிலைத் தேர்தலிலேயே 17 வயதில் ஓட்டுப் போடலாம். கிழக்கு லவுடனில் இன்று உண்மையான போட்டி பல நேரம் அந்த முதல்நிலையிலேயே முடிந்துவிடுவதால் அதைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவில் கட்சிப் பதிவு கிடையாது, எந்தக் கட்சியின் முதல்நிலையில் வாக்களிப்பது என்று அன்றைக்கு முடிவு செய்துகொள்ளலாம்.

உங்களுக்கே குடியுரிமை கிடைக்கும்போது உறுதிமொழி எடுத்த கையோடு டிஎம்வியில் உங்கள் பதிவைத் திருத்துங்கள். அங்கே பழைய பதில் கிடந்ததால் 2024இல் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களில் குடிமக்களும் இருந்தார்கள். அப்புறம் வாக்காளராகப் பதிவு செய்யுங்கள். தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்களிக்கத் தொடங்கலாம், காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை.