வயல் சுவர்க்கோழி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயல் சுவர்க்கோழி (field cricket) என்ற பூச்சி எந்த இனம் என்று கண்டுபிடிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் உருப்பெருக்கியைத்தான் எடுக்கிறார்கள். உடலை மட்டும் பார்த்து முடிவு சொல்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வல்லுநர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1915-இல் ரென், ஹெபர்ட் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள், சேகரிப்புகளில் இருந்த உலர்ந்த பூச்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அளவும் நிறமும் ஒன்றோடொன்று கலந்து போனதால், அமெரிக்கக் கண்டத்தில் வயல் சுவர்க்கோழிகள் அடங்கிய கிரில்லஸ் பேரினம் முழுக்க ‘கிரில்லஸ் அசிமிலிஸ்’ என்ற ஒரே இனம்தான் என்று அறிவித்தார்கள்.

அந்த முடிவை உடைத்தவர் பூச்சியியலாளர் ஃபுல்டன். வட கரோலினாவில் உயிருள்ள பூச்சிகளை வளர்த்துப் பார்த்து, அங்கேயே நான்கு வகைகள் இருப்பதை 1952-இல் எழுதினார். வாழும் இடம், முதிரும் பருவம், பாட்டு எல்லாம் வேறு வேறு. ஒன்றோடொன்று இனம் கலக்கவும் இல்லை. பொறுமையாக வளர்த்துப் பார்த்த அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2019-இல் வைஸ்மனும் கிரேயும் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் 35 கிரில்லஸ் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் 17 புதியவை.

சரி, பாட்டைப் பதிவு செய்துவிட்டால் போதுமா? வெப்பநிலையைக் குறிக்காத பதிவு பாதிக்கு மேல் பயனற்றது. ஆண் பூச்சி முன்னிறக்கைகளை உரசித்தான் பாடுகிறது. சூடு ஏறினால் உரசும் வேகமும் ஏறும். கிரில்லஸ் டெக்சென்சிஸ், கிரில்லஸ் ரூபென்ஸ் இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 25 டிகிரி செல்சியஸில் முதலாவது நொடிக்குச் சுமார் 80 ஒலித் துடிப்புகளும், இரண்டாவது 50 முதல் 60 துடிப்புகளும் எழுப்பும். காதால் கேட்டு இதை எண்ண முடியாது. ஒலியைக் கணினியில் அலை வடிவமாக விரித்து எண்ண வேண்டும். பூச்சி பாடிய இடத்தின் வெப்பநிலை தெரியாவிட்டால், குளிரில் பாடிய டெக்சென்சிஸை ரூபென்ஸ் என்று எழுதிவிடுவோம்.

பாட்டையே முழுதாக நம்பிவிடுவதும் தவறு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் கிரில்லஸ் வெலேட்டிஸும் கிரில்லஸ் பென்சில்வேனிகஸும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பாடுகின்றன. வெலேட்டிஸ் குஞ்சாகக் குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் முதிர்கிறது. பென்சில்வேனிகஸ் முட்டையாகக் கழித்து, கோடையின் கடைசியில்தான் பாடத் தொடங்குகிறது. இங்கே பூச்சியோடு வைக்கும் சீட்டில் எழுதிய, அதைப் பிடித்த தேதிதான் இனத்தைச் சொல்லும். இவ்வளவு ஒத்திருப்பதால் இரண்டும் ஒரே மூதாதையிலிருந்து பருவத்தால் பிரிந்தவை என்று 1960-இல் அலெக்சாண்டரும் பிகலோவும் வாதிட்டார்கள். பின்னால் வந்த மரபணு ஆய்வுகளோ, இவை ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவே அல்ல என்று காட்டின. உருவமும் பாட்டும் ஒத்திருப்பதை வைத்து வம்சாவளி வரையக் கூடாது.

அப்புறம், பழைய கட்டுரைகளின் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆணின் பாட்டைக் கேட்டே தேடி வந்து, அதன் மேல் தன் புழுக்களை விடும் ஓர்மியா ஈயைப் பற்றி வில்லியம் கேட் 1975-இல் எழுதினார். டெக்சாஸில் அவர் ஆராய்ந்த பூச்சியின் பெயர் அதில் ‘கிரில்லஸ் இன்டீஜர்’ என்று இருக்கும். அது உண்மையில் டெக்சென்சிஸ். அந்தப் பெயரே 2000-இல்தான் சூட்டப்பட்டது. உண்மையான இன்டீஜர் மேற்கே கலிபோர்னியாப் பக்கம் வாழ்கிறது. இடத்தைப் பார்க்காமல் இரண்டின் தரவுகளையும் ஒரே அட்டவணையில் சேர்த்தால் முடிவே தவறாகிவிடும்.

கடையில் வாங்கிய பூச்சியை ஆய்வுக்குப் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செல்லப்பிராணிகளுக்குத் தீனியாகப் பண்ணைகளில் வளர்த்து விற்ற ஒரு சுவர்க்கோழிக்கு அறிவியல் பெயரே இல்லை என்பது 2012-இல்தான் தெரியவந்தது; அதே ஆண்டுதான் ‘கிரில்லஸ் லோகோரோஹோ’ என்று பெயரிட்டார்கள். ஆகவே விற்பவர் சொன்ன பெயரோடு நிறுத்தாமல், வாங்கிய ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில பூச்சிகளை எத்தனாலில் போட்டு, வாங்கிய இடத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். முடிந்தால் அதே ஆண்களின் பாட்டையும் வெப்பநிலையோடு பதிவு செய்துகொள்ளுங்கள்.