வேலூரிலிருந்து கடலூர் சில்வர் பீச்: முதன்முறை போகிறவர்களுக்கு

பாலாற்று மணலில் விளையாடி வளர்ந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட, அண்மையில் கடலூருக்குக் குடும்பத்தோடு சென்று வந்தோம். இறங்குமிடம் தெரியாமல் முதல் நாளில் இரண்டு மணி நேரத்தை இழந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பயணம். போளூர், திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகச் சாலைத் தொலைவு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ரயில் என்றால் வேலூர் கண்டோன்மென்டில் ஏற வேண்டும்; நேரடி ரயில் கிடைக்காவிட்டால் விழுப்புரத்தில் மாறிக்கொள்ளலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ரயிலே நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது இறங்குமிடம், நாங்கள் தவறியது இங்கேதான். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம் சந்திப்பு என இரண்டு நிலையங்கள் உண்டு. துறைமுகம் என்ற பெயரைப் பார்த்ததும் கடற்கரை அதன் அருகில்தான் இருக்கும் என்று நம்பி, முன்னதாக வந்த திருப்பாதிரிப்புலியூரை விட்டுவிட்டோம். ஆனால் துறைமுகம் இருப்பது முதுநகர்ப் பக்கம். சில்வர் பீச்சோ கெடிலம் ஆற்றுக்கு வடக்கே, தேவனாம்பட்டினத்தில் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டும் பக்கத்தில் தெரிந்தாலும் நடுவில் ஆறு குறுக்கிடுவதால் ஊருக்குள் திரும்பி வந்து, பாலம் கடந்து, மஞ்சக்குப்பம் வழியாகத்தான் போக முடியும். ஆகவே திருப்பாதிரிப்புலியூரிலேயே இறங்குங்கள்; பேருந்து நிலையமும் அதன் அருகிலேயே இருப்பதால் அங்கிருந்து ஆட்டோ எளிதில் கிடைக்கும்.

முந்தைய நாள் மாலையே கடலூர் சென்று தங்கிவிட்டு, விடியற்காலையில் கரைக்குப் போவது சிறந்தது. கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழுவதைப் பார்க்கலாம். வெயில் ஏறிய பின் மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ரப்பர் செருப்பு போதும், ஷூ வேண்டாம். கனமான டர்க்கி துண்டை விட மெல்லிய காடாத் துண்டையே நான் பரிந்துரைப்பேன்: உதறினால் மணல் போய்விடும், விரைவில் உலர்ந்துவிடும்.

தண்ணீரில் இறங்கும்போது பொறுமை வேண்டும். பாலாற்று மணல் காலடியில் அப்படியே இருக்கும். இங்கே அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருக்கும் மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதை அறியாமல் நின்ற எங்கள் சின்னவள் சாய்ந்துவிட்டாள். பிள்ளைகளை விரலைப் பிடிக்கவிடாமல், நீங்களே அவர்களின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளுங்கள். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் நீர் உடையாமல் கலங்கலாகத் தெரிந்தால், அது அமைதியான இடமன்று. கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அங்கே இருக்கக்கூடும். அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகிய பிறகே திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம்.

பின்சேர்க்கை: துறைமுக நிலையத்தில் இறங்கவே கூடாதா என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மீன்பிடிப் படகுகளையும் பழைய நகரத்தையும் பார்ப்பதே நோக்கம் என்றால் தாராளமாக அங்கே இறங்கலாம்.

மழைக்காலத்தில் போகலாமா என்றும் சிலர் கேட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புறப்படும் முன் செய்தியைப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது இந்தக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. 1-ஆம் எண் கூண்டுதானே என்று கிளம்பாமல், அது இறக்கப்பட்ட பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.