ஆக்சஸ் ரன்டைமில் புரோகிராம் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் வேலை பழகும் இரண்டு பேர் போன வாரம் ஒரு கடைக்கு பில்லிங் புரோகிராம் முடித்தார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. கடையில் ஏற்றித் திறந்தால் வெற்றுத் திரை. நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே ஒன்றுவிடாமல் செய்திருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டேட்டாபேஸ் புரோகிராம்கள் எழுத உதவும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸின் ரன்டைம் 2007 பதிப்பிலிருந்து இலவசம். முழு ஆக்சஸ் இல்லாத கம்ப்யூட்டரிலும் நம் புரோகிராமை ஓட்டலாம். ஓட்ட மட்டும்தான் முடியும். ஃபார்மைத் திருத்தும் டிசைன் வியூ, டேபிள், ஃபார்ம்களின் பட்டியல் தெரியும் நேவிகேஷன் பேன், மேலே பட்டன்கள் உள்ள வழக்கமான ரிப்பன் எதுவும் இருக்காது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு திறந்தாலும் உள்ளே போக முடியாது. பேக்கப் எடுக்காதது போன்ற எல்லோருக்கும் தெரிந்த தவறுகளை விட்டுவிடுகிறேன்.

எரரைப் பிடிக்காமல் விடுவது

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருவது இதில்தான்.

முழு ஆக்சஸில் கோட் தடுக்கி விழுந்தால் ஒரு பெட்டி வரும். டீபக் அழுத்தினால் தப்பு இருக்கும் வரி மஞ்சளாகத் தெரியும். திருத்திவிட்டு மேலே போகலாம். ரன்டைமில் அந்த வசதி கிடையாது. நாம் பிடிக்காத எரர் வந்தால் ஒரு செய்தியைக் காட்டிவிட்டுப் புரோகிராமே மூடிக்கொள்ளும்.

ஒரு மொத்த வியாபாரக் கடையில் எனக்கு நடந்தது இது. பில்லைச் சேமிக்கும்போது ஒவ்வொரு சரக்காக ஸ்டாக்கைக் கழிக்கும்படி எழுதியிருந்தேன். அன்றைக்குப் பன்னிரண்டு சரக்கு கொண்ட பில். ஏழாவது சரக்குக்கு விலைக் கட்டம் காலி. எரர் 94, அதாவது நல் (Null, வெற்று) மதிப்பு வரக் கூடாத இடத்தில் வந்துவிட்டது. புரோகிராம் மூடியது. முதல் ஆறு சரக்கின் ஸ்டாக் கழிந்துவிட்டது, மீதி கழியவில்லை. கடைப் பையன் திரும்பத் திறந்து அதே பில்லை மறுபடி போட்டான், மறுபடி மூடியது. அந்த ஆறு சரக்கும் இன்னொரு முறை கழிந்தது. மாதக் கடைசியில் கணக்கு இடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு நாள் ரேக் ரேக்காக நின்று எண்ணினோம்.

ஆகவே ஃபார்மின் ஒவ்வொரு ஈவென்ட்டிலும் எரரைப் பிடிக்கும் ஆன் எரர் கோ டூ (On Error GoTo) வரி வேண்டும். அங்கிருந்து கூப்பிடும் ஃபங்ஷனில் வரும் எரர் மேலே ஏறி வந்து அதில் சிக்கிக்கொள்ளும். மேக்ரோவுக்கும் இதே கதிதான், அதிலும் ஆன் எரர் போடுங்கள். எரர் எண், நேரம், ஃபார்ம் பெயர் மூன்றையும் ஒரு டேபிளில் எழுதி வையுங்கள். கடைக்காரர் போனில் “ஏதோ வந்துச்சு, மூடிருச்சு” என்று மட்டும்தான் சொல்வார். ஸ்டாக் கழிப்பது போன்ற வேலையை பிகின்டிரான்ஸ் (BeginTrans), கமிட்டிரான்ஸ் (CommitTrans) என்ற இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் வையுங்கள். பாதியில் நின்றால் ஒன்றுமே கழியாது.

முதல் ஃபார்மைக் குறிப்பிடாதது

வெற்றுத் திரைக்குக் காரணம் இதுதான். ரன்டைமில் நேவிகேஷன் பேன் இல்லை, அதனால் திறந்ததும் எந்த ஃபார்ம் வர வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் எதுவும் தெரியாது.

ரிப்பனை நம்புவது

எக்செலுக்கு அனுப்புவது, ரிப்போர்ட்டை அச்சிடுவது, பழைய பில்லைத் தேடுவது எல்லாவற்றுக்கும் நீங்களே பட்டன் வைக்க வேண்டும். லிங்க்டு டேபிள் மேனேஜரும் அங்கே இருக்காது. டேபிள்கள் மட்டும் இருக்கும் பேக்எண்ட் ஃபைல் வேறு ஃபோல்டருக்கு மாறினால் திரும்ப இணைக்கும் கோடும் உள்ளேயே இருக்கட்டும்.

32-ஆ 64-ஆ என்று கேட்காதது

கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆபீஸ் அல்லது ரன்டைம் 32 பிட்டா 64 பிட்டா என்று கிளம்புவதற்கு முன்பே போன் போட்டுக் கேளுங்கள். கோடை யாரும் பார்க்கவோ மாற்றவோ முடியாதபடி செய்யும் ஏசிசிடிஇ (.accde) ஃபைல், எந்த பிட்டில் செய்தோமோ அதில்தான் திறக்கும்.

முழு ஆக்சஸில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது

ஒரு நகல் எடுத்து, ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள ஏசிசிடிபியை (.accdb) ஏசிசிடிஆர் (.accdr) என்று மாற்றித் திறந்தால் போதும், உங்கள் கம்ப்யூட்டரிலேயே ரன்டைம் போல ஓடும். ஆனால் ஃபைல் இருக்கும் ஃபோல்டர் நம்பகமானது என்று ஆக்சஸிடம் சொல்லி வைக்காததால் வரும் சிக்கல் இதில் தெரியாது. கடைக் கம்ப்யூட்டரில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால், ரன்டைமில் அதற்கான அமைப்புப் பக்கம் கிடையாது, அந்த ஃபோல்டரை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில்தான் சேர்க்க வேண்டும். அந்த இரண்டு பேரும் நேற்று அப்படி ஓட்டிப் பார்த்ததில் மூன்று இடத்தில் மூடிக்கொண்டது. சரிசெய்துகொண்டு திங்கட்கிழமை கடைக்குப் போகிறார்கள்.