இரும்புக் குளிசை ஒத்துவரவில்லையா? நிறுத்துமுன் இவற்றைச் செய்துபாருங்கள்

இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் குளிசை கொடுத்தால், பலர் இரண்டாம் கிழமையே கைவிட்டுவிடுகிறார்கள். வயிறு எரியும், மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரும். பெரும்பாலும் குறை குளிசையில் இல்லை, அதைப் போடும் அளவிலும் நேரத்திலும்தான்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஈமோகுளோபின் குறைந்ததெல்லாம் இரும்புக் குறைவு அல்ல. தலசீமியாக் கூறு (பெற்றோரிடமிருந்து வரும் ஒரு பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு) உள்ளவர்களுக்கும் செவ்வணுக்கள் சிறுத்திருக்கும், ஆனால் அவர்களில் பலருக்கு இரும்பு போதியளவு இருக்கும். ஆகவே பெரிட்டின் (உடலில் சேமித்துள்ள இரும்பின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுவது நல்லது. வளர்ந்தவருக்கு அது 15 ng/mLக்குக் கீழ் என்றால் இரும்பு இல்லை என்பது உறுதி. 30க்குக் கீழ் என்றாலே பல வைத்தியர்கள் சிகிச்சை தொடங்குவார்கள். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கும்போது பெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், ஆறிய பிறகு எடுங்கள்.

200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற் குளிசையில் உள்ள இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம்தான். நாளுக்கு மூன்று போட்டால் மூன்று மடங்கு ஏறும் என்று நினைக்க வேண்டாம். ஒன்று போட்டதும் ஈரலில் ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் சுரந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குக் குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். உறிஞ்சாமல் மிஞ்சுகிற இரும்புதான் வயிற்றைப் படுத்துகிறது. எனவே நாளுக்கு ஒன்று போதும். அதுவும் தாங்கவில்லையென்றால் ஒன்றுவிட்ட நாள் ஒன்று. கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவிச்சியிடமோ வைத்தியரிடமோ கேட்காமல் மாற்றக் கூடாது.

நேரம் இன்னும் முக்கியம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ, தண்ணீருடன் போடுங்கள். காலையில் எழுந்ததும் வெறுந்தேத்தண்ணி, பத்து மணிக்கு இன்னொன்று என்று திருகோணமலையில் நாள் ஓடும். அந்தத் தேத்தண்ணிதான் பெரிய எதிரி. பால்தேத்தண்ணியும் கோப்பியும் அப்படித்தான். குளிசைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். கிளினிக்கில் தருகிற கல்சியத்தையும் இரும்பையும் ஒரே வாயில் விழுங்குவது வழக்கமான பிழை: ஒன்று காலையில், மற்றது இரவில். தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் போடுபவர்கள் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்துகளும் சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் இரும்புடன் ஒத்துப்போகாதவை. என்னென்ன போடுகிறீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தவர்களுக்கு நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப்போகுமுன் போடுவது வசதி.

குமட்டலோ எரிவோ வந்தால் சிறிது சோற்றுடன் போடலாம். உறிஞ்சுவது குறையும்தான், ஆனால் நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், பப்பாசிப்பழம், கீரை. இங்குள்ள வெயிலில் தண்ணீர் குடிப்பது போதாமல் போவதுண்டு. அப்படியும் சரிவராவிட்டால் லக்ருலோஸ் என்ற மலமிளக்கியைக் கேளுங்கள். மலம் கறுப்பது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. தார்போல ஒட்டிக்கொண்டு கடும் நாற்றம் வீசினால் மட்டும் அது குடலில் இரத்தக் கசிவாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிசைக்குப் பதில் இரும்புப் பாணி மருந்து குடித்தால் அது பல்லைக் கறையாக்கும், ஸ்ட்ரோவால் குடித்து வாயைக் கொப்பளிக்கவும்.

சாப்பாடு துணைக்குத்தான், அது மட்டும் குறைவைத் தீர்க்காது. ஈரல், இறைச்சி, சூரை, மட்டி ஆகியவற்றின் இரும்பு எளிதில் ஏறும். முருங்கையிலை, பயறு, கௌபி என்றால் தேசிக்காய்ப் புளி விட்டோ கொய்யாப்பழத்துடனோ சாப்பிடுங்கள்.

நான்கு கிழமையில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 2 கிராம் ஏற வேண்டும். சரியான அளவுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் தொடருங்கள், சேமிப்பு நிரம்புவது அப்போதுதான். இடையில் நிறுத்துபவர்கள் அடுத்த வருடமும் அதே வரிசையில் நிற்கிறார்கள். ஒழுங்காகப் போட்டும் ஏறாவிட்டால் எங்கோ இரத்தம் போகிறது அல்லது குடல் உறிஞ்சவில்லை. மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் பாட் நனைகிறதா, மூட்டுவலிக்கு நெடுநாளாகக் குளிசை போடுகிறீர்களா, கொக்கிப்புழுவுக்கு மருந்து எடுத்தீர்களா என்று பாருங்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் குடலைப் பரிசோதிக்காமல் விடவே கூடாது.

குளிசை அறவே ஒத்துவராதவர்களுக்கு இரும்பை இரத்த நாளம் வழியாக ஏற்றுவார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் அது தவிர்க்கப்படும். ஏற்றும்போது ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள்; மருந்து வெளியே கசிந்தால் தோலில் மண்ணிறக் கறை நெடுங்காலம் நிற்கும். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் ஒரு நொடியும் பொறுக்காதீர்கள். மறுநாள் மூட்டு உளைவும் தலையிடியும் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும்.

குளிசைப் போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். சில குளிசைகளே சிறுபிள்ளையின் உயிருக்கு ஆபத்து. விழுங்கிவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.